குற்றவாளி கணிப்பொறிதானா?

சென்ற ஆனி மாதம் ஒரு மாலை. செங்கோட்டையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் குடையும் இல்லாமல் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "சார், மழைத்தண்ணி பட்டா கார் கம்ப்யூட்டர் செத்துப்போயிருமா?" என்று கேட்டார்.

அவருடைய கார் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. நான்கு பயணிகளுடன் புளியரையைத் தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும்போது, ஒரு வளைவில் எஞ்சின் உறுமுகிறது. வண்டி மட்டும் நகர மறுக்கிறது. கியர் எண் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பின்னால் சரக்கு லாரிகளின் ஒலிப்பான் சத்தம். சாவியைத் திருப்பி அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுகிறது! ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. பெரிய ஊரில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "கியர் கணிப்பொறி போய்விட்டது, மாற்ற வேண்டும், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும்" என்று ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காருக்கே இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் அவர்.

மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொறியில் எந்த உறுப்பின் உள்ளே நம்மால் பார்க்க முடியவில்லையோ, அந்த உறுப்பின்மேல் பழியைப் போடும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. பேய் பிடித்தது என்று சொல்வதற்கும் கணிப்பொறி போய்விட்டது என்று சொல்வதற்கும், சோதனை செய்யாதவரை, எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்தச் சோதனையைச் செய்யத் தேவையான அறிவில் பெரும்பகுதி உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடப்புத்தகத்தில், மின்னியல் பாடத்தில் இருக்கிறது. அதை நாம் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

அந்தக் காரில் என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சாதாரணக் காரில் ஓட்டுநர் இடது காலால் கிளட்சை மிதித்து, இடது கையால் கியர்த் தண்டை நகர்த்தி, காலை மெதுவாக எடுக்கிறார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பற்சக்கரங்களில் எந்த இணை வேலை செய்ய வேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார். மலையேறும்போது வேகம் குறைந்து விசை கூடவேண்டும். சமவெளியில் இதற்கு நேர்மாறு. தானே கியர் மாற்றும் வண்டிகள் உலகத்துக்குப் புதியவை அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 ஆம் ஆண்டின் கார்களிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்துவிட்டது. அதில் கணிப்பொறி ஏது? எண்ணெய் அழுத்தமும் அடைப்பிதழ்களும் சுருள்வில்களுமே எப்போது கியர் மாற வேண்டும் என்பதைத் தீர்மானித்தன.

நம் நாட்டில் இப்போது பரவலாக ஓடும் சிறிய கார்களில் உள்ள முறை வேறு. 2014 இல் மாருதி சுசுகியின் செலேரியோ காரில் இது வந்தது. இதற்கான கருவியை அளித்தது இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி நிறுவனம். பிறகு டாட்டா, ரெனால்ட், ஹூண்டாய் என்று பலரும் இத்தகைய முறைகளைக் கொண்டுவந்தனர். இதில் பற்சக்கரப் பெட்டியும் கிளட்சும் சாதாரணக் காரில் உள்ளவையே. ஓட்டுநரின் காலும் கையும் செய்த வேலையைச் செய்ய மட்டும் ஒரு பொறியமைப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சிறு மின்மோட்டார் எண்ணெயை அழுத்தி ஒரு கலத்தில் சேமிக்கிறது. சோலினாய்டு அடைப்பிதழ்கள் திறக்கும்போது அந்த அழுத்தம் பாய்ந்து கிளட்சைத் தள்ளுகிறது, கியர்த் தண்டை நகர்த்துகிறது. சோலினாய்டு என்றால் வேறொன்றுமில்லை. மின்னோட்டம் பாயும்போது மின்காந்தமாகும் கம்பிச்சுருள்தான். சில கார்களில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார்களே நேரடியாக இந்த வேலையைச் செய்கின்றன.

எந்த அடைப்பிதழை எப்போது திறப்பது என்று கட்டளையிடுவதுதான் நாம் பேசும் கணிப்பொறி. கைக்கடக்கமான ஒரு பெட்டி. அதற்குக் கண் கிடையாது. மலை ஏறுகிறோமா, மழை பெய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, முடுக்கியை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள், பிரேக்கில் கால் இருக்கிறதா, கிளட்ச் எந்த நிலையில் நிற்கிறது என்ற செய்திகள் உணர்விகளிலிருந்து கம்பி வழியாக வருகின்றன. பெரும்பாலும் அவை 0 முதல் 5 வோல்ட்டுக்குள் அடங்கிய மின்னழுத்தங்கள், அல்லது துடிப்புகள். செய்தி தவறாக வந்தால் கட்டளையும் தவறாகத்தான் போகும். அடுப்பில் பால் வைத்துவிட்டு, பொங்கிவிட்டதா என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குழந்தையிடம் கேட்டுக் கேட்டு அடுப்பை ஏற்றி இறக்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கி வழிந்தால் குற்றம் யாருடையது? அடுப்பருகே நின்ற குழந்தையையும் விசாரிக்க வேண்டுமல்லவா?

செய்திகளுக்கும் முன்னால், பெட்டி இயங்க அதற்கே மின்சாரம் வேண்டும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு வழி. எதிர்முனைக்குத் திரும்ப ஒரு வழி. இந்தத் திரும்பும் வழியைத்தான் பட்டறைகளில் 'எர்த்' என்கிறார்கள். காரின் இரும்பு உடலே அந்த வழியில் பெரும்பகுதி. பூமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. காரின் கீழ் நான்கு ரப்பர் சக்கரங்கள்தான் இருக்கின்றன! பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி, பெரிய ஊர்ப் பட்டறையில் செருகிய கருவிக்கு வருவோம். காரின் கணிப்பொறிகள் தாம் கண்ட கோளாறுகளைக் குறியீட்டு எண்களாக நினைவில் எழுதிவைக்கின்றன. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஒரே வகையான 16 முனைச் செருகியும் பொதுவான குறியீடுகளும் கட்டாயமாயின. அந்த முறை பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. நண்பரின் காரில் இரண்டு குறியீடுகள் பதிவாகியிருந்தன என்று அவர் வைத்திருந்த தாள் காட்டியது. ஒன்று யு0101. மற்றது பி0562.

யு0101 என்றால் 'கியர் கணிப்பொறியிடமிருந்து செய்தி வரவில்லை' என்று மற்றக் கணிப்பொறிகள் எழுதிவைத்த புகார். இது வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதைப் போன்றது. ஆசிரியர் பெயரைக் கூப்பிடுகிறார், பதில் இல்லை, 'வரவில்லை' என்று குறித்துவிடுகிறார். மாணவனுக்குக் காய்ச்சலா, பஸ் வரவில்லையா, தொண்டை கட்டிக்கொண்டதா, பக்கத்து மைதானத்தில் ஒலிபெருக்கி அலறியதால் அவன் சொன்னது கேட்கவில்லையா? பதிவேட்டில் எதுவும் இருக்காது. 'மாணவன் இறந்துவிட்டான்' என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்து யாராவது முடிவு செய்வார்களா? பட்டறையில் செய்தது அதுதான்.

இரண்டாவது குறியீடான பி0562, மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்கிறது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெட்டிக்கு உள்ளேயே கோளாறு என்று கைகாட்டும் குறியீடுகளும் இருக்கின்றன. தன் நினைவகத்தில் உள்ளதைத் தானே கூட்டிச் சரிபார்த்து, கூட்டுத்தொகை பொருந்தாதபோது எழுதப்படும் பி0601 அப்படிப்பட்டது. அது இந்தக் காரில் இல்லவே இல்லை.

எங்கள் ஊரில் சாலையோரப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் மறுநாள் காரைக் கொண்டுபோனோம். நானும் என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உடன் போனேன். இயற்பியல் விரிவுரையாளன் என்ற கர்வம் சிறிது இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். காரில் உள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இரண்டே கம்பிகள் போதும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட 'கேன்' என்னும் முறை அது. ஒன்றையொன்று முறுக்கிய இரு கம்பிகள்; அவற்றின் இரு நுனிகளிலும் கம்பிகளுக்குக் குறுக்கே 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று. செய்தித் துடிப்பு நுனியில் மோதி எதிரொலித்துத் திரும்பிக் குழப்பம் செய்யாமலிருக்கவே அந்தத் தடைகள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, 16 முனைச் செருகியில் 6 ஆவது, 14 ஆவது முனைகளுக்கு நடுவே மின்தடையை அளந்தால் பல கார்களில் எவ்வளவு காட்ட வேண்டும்? பக்க இணைப்பில் இரண்டு 120 ஓம். நீங்களே கணக்கிடலாம்: 60 ஓம். 120 என்று காட்டினால் எங்கோ ஒரு நுனி அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு கம்பிகளும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பெட்டியையும் திறக்காமல், இருக்கையில் உட்கார்ந்தபடி இவ்வளவையும் அறியலாம்! எங்களுக்கு 60.3 வந்தது. பேசும் கம்பிகளில் குறையில்லை.

அடுத்து நான் சறுக்கினேன். கியர் கணிப்பொறியின் எர்த் கம்பியைச் சோதிக்க எண்ணி, அதன் செருகியைக் கழற்றி, எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மின்தடையை அளந்தேன். 0.4 ஓம் என்றது மீட்டர். மீட்டரின் இரண்டு முள்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். மிச்சம் 0.1 தான். அதுவும் மீட்டரின் கடைசி இலக்கம். கூடவோ குறையவோ இருக்கலாம். "எர்த் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அறிவித்தேன்.

மெக்கானிக் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "சார், சும்மா கெடக்கிற வயர்ல என்னத்தத் தெரியும்? லோடு குடுத்துப் பாருங்க."

செருகியைத் திரும்ப மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, மழை துடைப்பான், குளிர்சாதனம் எல்லாவற்றையும் போட்டார். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு முள்ளைக் கணிப்பொறியின் எர்த் முனையின் பின்புறத்திலும் வைத்தார். 0.05 வோல்ட். பிறகு நண்பரைக் கியரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். எண்ணெய் மோட்டார் 'கிர்ர்' என்று ஓடத் தொடங்கியது. மீட்டரில் எண்கள் துள்ளின. மோட்டார் ஓடிய சில நொடிகளும் 2.9 வோல்ட்டில் நின்றன. மோட்டார் நின்றதும் மறுபடி 0.05.

இங்கேதான், நண்பர்களே, ஓம் விதி உயிருடன் எழுந்து நிற்பதைக் கண்டேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக அதைக் கரும்பலகையில் எழுதி வருகிறவன் நான்.

கணிப்பொறியின் எர்த் கம்பியும் எண்ணெய் மோட்டாரின் எர்த் கம்பியும் ஒரே முனைவளையத்தில் கூடி, காரின் உடலில் ஒரே திருகாணியில் பூட்டப்பட்டிருந்தன. மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் அந்த வளையத்தின் வழியே திரும்புகிறது. அங்கே 0.15 ஓம் தடை இருந்தால் மின்னழுத்த வீழ்ச்சி 20 x 0.15 = 3 வோல்ட். என் மீட்டர் அதே 0.15 ஓமை அளக்கும்போது தன் சிறு பாட்டரியிலிருந்து அனுப்பியது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதனால் உண்டாகும் வீழ்ச்சி எம்மாத்திரம்? முள்களின் தடையிலேயே அது மூழ்கிப்போயிற்று. தடை அங்கேயேதான் இருந்தது. அதைக் காணத் தகுந்த மின்னோட்டம்தான் இல்லை. குறைந்த மின்தடையை அளக்க, மின்னோட்டத்தை ஒரு வழியாகச் செலுத்தி மின்னழுத்தத்தை வேறு இரு முனைகளில் அளக்க வேண்டும் என்று கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்கும் முறையை நான் பட்ட வகுப்பில் நடத்துகிறேன். மெக்கானிக் செய்ததும் அதே முறைதான். அவர் அதற்கு அந்தப் பெயர் சொல்லவில்லை, அவ்வளவே.

3 வோல்ட் இழப்பால் மட்டும் கணிப்பொறி மயங்கிவிடாது. எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் கிடைத்தால், போனது போக 10.5 இருக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பம்புசெட் போடும்போது வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றத் தொடங்காத மோட்டார், சுற்றும் மோட்டாரைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சுற்றும்போது அது தானே ஒரு மின்னியற்றியாகவும் வேலை செய்து எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நிற்கும்போது அந்தத் தடுப்பு இல்லை. அப்போது 40 ஆம்பியர் பாய்ந்தால் வீழ்ச்சி 6 வோல்ட். கணிப்பொறிக்கு மிஞ்சுவது 7.5 வோல்ட். அது கண்ணை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான்; ஆனால் அந்த நேரத்தில் மற்றக் கணிப்பொறிகள் அதன் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லை என்று குறித்துவிடுகின்றன. பி0562 ஏன் கூடவே வந்தது என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா?

மலைப்பாதையில் மட்டும் ஏன் வந்தது? கோட்டைவாசல் வளைவுகளில் கியர் அடிக்கடி மாறுகிறது. எண்ணெய் மோட்டார் அடிக்கடி கிளம்புகிறது. மழைக்காலத்தில் விளக்கும் துடைப்பானும் சேர்ந்துகொள்ள, பாட்டரியிலும் அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது. தென்காசிச் சமவெளியில் ஐந்தாவது கியரில் போகிற காருக்கு இந்தத் தொல்லை தெரியாது. மழைத் தண்ணீர் பெட்டிக்குள் போய்விட்டது என்று நண்பர் நினைத்ததும், வேக உணர்வி நனைந்திருக்கும் என்று நான் மனத்துக்குள் ஊகித்ததும் இரண்டுமே தவறு. மழைக்கும் கோளாறுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் நாங்கள் நினைத்த வழியில் இல்லை.

முனைவளையத்தை மெக்கானிக் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது! 20 ஆம்பியரின் வர்க்கத்தை 0.15 ஆல் பெருக்கினால் 60 வாட்; ஈயப் பற்றவைக்கும் கருவிக்குரிய வெப்பம். வெளியிலிருந்து பார்க்க அந்த வளையம் பளபளவென்றுதான் இருந்தது. உறையைக் கீறிப் பார்த்தபோது, கம்பி வளையத்துக்குள் நுழையும் இடத்தில் செம்பு இழைகளெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தன. பித்தளைக் குத்துவிளக்கில் நாம் காணும் அதே களிம்பு. வளையத்தை மூன்று அங்குலக் கம்பியோடு வெட்டியெடுத்துவிட்டு, புது வளையம் பூட்டினார். மோட்டார் ஓடும்போது இப்போது 0.08 வோல்ட்.

அவர் வேலை முடிந்தது என்று சாவியை நீட்டினார். நான் விடவில்லை. பழைய வளையத்தை அதன் கம்பித் துண்டோடு மீண்டும் இடையில் கோத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "எதுக்கு சார் வீணா?" என்றார். அவர் முகத்தில் சலிப்பு. ஆனால் இது வீண் வேலையன்று என்பதே என் கட்சி. கோத்தோம். ஏழெட்டு முறை கியர் மாற்றியதும் கோடு வந்தது. யு0101 மறுபடி பதிவாயிற்று. எடுத்தோம், போய்விட்டது. அப்போதுதான் எனக்கு நிம்மதி.

ஏன் இதை வற்புறுத்துகிறேன்? அந்தப் பெரிய பட்டறையில் சொன்னபடி நண்பர் கணிப்பொறியை மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாட்டரியைக் கழற்றி மாட்டுவார்கள். செருகிகளைப் பிடுங்கிச் செருகுவார்கள். அந்த உராய்விலேயே முனைகள் துலங்கும். கம்பிகள் அசைந்து களிம்பின் நடுவே இழைகள் புதிதாகத் தொட்டுக்கொள்ளும். கார் சில நாள் ஒழுங்காக ஓடும். 'பார்த்தீர்களா, கணிப்பொறிதான்!' என்பார்கள். இப்படி மாற்றப்பட்ட பெட்டிகளில் நல்லவை எத்தனை குப்பைக்குப் போயினவோ! ஒன்றை மாற்றினோம், நோய் தீர்ந்தது, ஆகவே மாற்றியதே நோய்க்குக் காரணம் என்பது பார்வைக்கு அழகான வாதம். ஆனால் மாற்றும்போது நாம் தொட்டது அந்த ஒன்றை மட்டும்தானா? பழைய பெட்டியைத் திரும்ப வைத்து, நோயும் திரும்புகிறதா என்று பார்க்காதவரை அந்தப் பெட்டியின் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. வேறொரு காரிலிருந்து பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. இந்தப் பெட்டிகள் அந்தந்தக் காரின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பழகி வைத்திருக்கின்றன. அந்நியப் பெட்டி தடுமாறினால் அது பழக்கக் குறையா, பழுதா என்று எப்படிப் பிரிப்பது?

கணிப்பொறி ஒருபோதும் பழுதாகாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதுவும் சிலிக்கனும் ஈயப்பற்றும் சேர்ந்த பொருள். எஞ்சினுக்கருகே நாள்தோறும் சூடேறிக் குளிர்கிறது. ஃபோர்டு நிறுவனம் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியை ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வைத்து விற்றது. 2014 இல் அமெரிக்காவில் அந்தக் கார்களின் கியர்க் கணிப்பொறிக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு, அல்லது 1,50,000 மைல், அதாவது சுமார் 2,40,000 கிலோமீட்டர் வரை நீட்டவேண்டி வந்தது. அங்கே பெட்டியே ஐயத்துக்குரியதாயிற்று. அதே கியர்ப்பெட்டி ஆஸ்திரேலியாவில் வேறொரு பாடத்தைத் தந்தது. வண்டி உதறுகிறது என்று முறையிட்ட வாடிக்கையாளர் சிலரிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டிகளில் குறை உண்டு என்று நிறுவனம் அறிந்திருந்தும் முறையீடுகளை நடத்திய விதம் நேர்மைக்கு மாறானது என்று 2018 இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. சோதிக்காமல் கணிப்பொறியைப் பழிப்பதும், சோதிக்காமல் ஓட்டுநரைப் பழிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள் என்பேன்.

அப்படியானால் பெட்டிதான் குற்றவாளி என்று எப்போது சொல்லலாம்? பெட்டியின் முனைகளிலேயே அளக்க வேண்டும். வேலை நடக்கும்போது மின்சாரம் முழுமையாக வருகிறது. எர்த் சரியாக இருக்கிறது. உணர்விகளின் செய்திகள் ஒவ்வொன்றும் உண்மை நிலையோடு பொருந்துகின்றன. பேசும் கம்பிகளில் குறையில்லை. சோலினாய்டின் சுருள் அறுபடவில்லை. இத்தனைக்குப் பிறகும் கட்டளை வர வேண்டிய முனையில் கட்டளை வரவில்லை என்றால், அப்போது சொல்லுங்கள். உள்ளே போவதெல்லாம் சரி, வெளியே வருவது மட்டும் தவறு. பெட்டியைத் திறக்காமல் பெட்டியைப் பற்றி அறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் எங்கள் ஊர் மெக்கானிக் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். கைத்திறன் இருக்கிறது, கருவியும் தகவலும்தான் எட்டுவதில்லை. அவரிடம் இருப்பது கைப்பேசியோடு சேர்த்துப் பயன்படுத்தும் மலிவான சிறு கருவி. பொதுக் குறியீடுகளை அது படிக்கும்; கிளட்சின் நிலை, எண்ணெயின் அழுத்தம் போன்ற தயாரிப்பாளரின் தனிச் செய்திகளைப் பெரும்பாலும் காட்டாது. கம்பி வரைபடமும் கிடைப்பதில்லை. இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் கோளாறு அறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டின் சாரம். வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 இல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் புளியரையில் நடுவழியில் நிற்கும் ஓட்டுநருக்குத் தேவை, பக்கத்து ஊர் மெக்கானிக்கின் மேசையில் விரித்துவைத்த ஒரு கம்பி வரைபடம். அது அவருக்குக் கிடைக்கும் நாள்வரை இந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறோம். விடை முன்பே தெரிந்த சோதனை! முன்னெச்சரிக்கைகள் ஐந்தை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு சுற்றில் எங்கோ ஒரு குறையை ஒளித்துவைத்து, 'கண்டுபிடி' என்று மாணவனிடம் கொடுக்கும் செய்முறைத் தேர்வை நான் கண்டதில்லை. அப்படி ஒன்று இருந்தால், மதிப்பெண் பட்டியலில் இப்போது கடைசியில் நிற்கும் சிலர் முன்னால் வந்துவிடுவார்கள் என்றே தோன்றுகிறது.

அந்தப் பழைய வளையத்தை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் கல்லூரி ஆய்வக மேசையில் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்து, மல்டிமீட்டரால் தடையை அளக்கச் சொல்கிறேன். 0.4, 0.5 என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டு, 'நல்ல கம்பி சார்' என்கிறார்கள். பிறகு ஒரு பழைய கார் பாட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ், 55 வாட் முகப்பு விளக்கு ஆகியவற்றோடு வளையத்தைத் தொடராக இணைத்து, விளக்கை எரியவிட்டு, வளையத்தின் இரு புறமும் வோல்ட்டை அளக்கச் சொல்கிறேன். உங்கள் பள்ளியிலும் ஆசிரியர் உடனிருக்க இதைச் செய்யலாம். ஃபியூஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். விளக்கு இழுப்பது நாலரை ஆம்பியர் அளவு. நல்ல கம்பி என்று அவர்கள் சொன்னதில் 0.7 வோல்ட் தொலைந்துபோகிறது.